தோற்ற தேர்தலிலிருந்து என்ன கற்கலாம்? ஒபாமா 2000, புஷ் 1978, கிளிண்டன் 1974: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் எந்தத் தேர்தல்களைப் பற்றியது?

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டுத் தோற்று, பின்னாளில் குடியரசுத் தலைவரான மூவரின் தேர்தல்களைப் பற்றியது. அந்த நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர்; நம் ஊர்க் காங்கிரஸ் கட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1974-இல் ஆர்கன்சாவில் பில் கிளிண்டனும், 1978-இல் மேற்கு டெக்சாஸில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும், 2000-இல் சிகாகோவில் பராக் ஒபாமாவும் தோற்றார்கள். இவற்றுள் கற்பதற்கு அதிகம் இருப்பது ஒபாமாவின் தோல்வியில்தான் என்பதால் பெரும்பகுதி அதைப் பற்றியே இருக்கும்.

இந்தத் தேர்தல்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பேச்சு, விளம்பரம், பணம் ஆகியவற்றில் பிழை தேடுகிறார்கள். என் கணிப்பு வேறு. எந்தத் தொகுதியில், எப்போது, யாரை எதிர்த்து நிற்பது என்று முடிவெடுத்த நாளிலேயே இவர்களின் தோல்வி பெருமளவு தீர்மானமாகிவிட்டது. அதற்குப் பின் நடந்தவை வாக்கு வித்தியாசத்தைக் கூட்டின அல்லது குறைத்தன, அவ்வளவே.

அமெரிக்கத் தேர்தல் முறையில் இதற்காகத் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள் உள்ளன. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் தேர்தல் நடக்கும். கட்சியின் வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை. 'பிரைமரி' எனப்படும் முதற்கட்டத் தேர்தலில் வாக்காளர்களே அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு கட்சிக்குப் பெரும் ஆதரவுள்ள தொகுதியில் உண்மையான போட்டி அந்த முதற்கட்டத்திலேயே முடிந்துவிடும், பொதுத்தேர்தல் சடங்காகிவிடும். ஒபாமா தோற்றது அத்தகைய ஒரு பிரைமரியில்.

இன்னொரு செய்தியும் அடிப்படையானது. மீண்டும் போட்டியிடும் நடப்பு உறுப்பினர்களில் பெரும்பாலான ஆண்டுகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வென்றுவிடுகிறார்கள். நம் ஊரில் ஆளுங்கட்சி எதிர்ப்பு அலை ஒன்று அடித்தால் அமைச்சர்கள்கூட வீட்டுக்குப் போவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு நம்ப முடியாததாகத் தோன்றலாம்.

ஒபாமா யாரை எதிர்த்து நின்றார்?

இல்லினாய் மாநிலத்தின் 1-ஆவது தொகுதியில், தம் ஜனநாயகக் கட்சியையே சேர்ந்த, நான்காவது முறை உறுப்பினராக இருந்த பாபி ரஷ்ஷை எதிர்த்து நின்றார். சிகாகோவின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த அந்தத் தொகுதிக்குத் தனி வரலாறு உண்டு. 1928 தேர்தலில் ஆஸ்கர் டி பிரீஸ்ட் வென்றது முதல் கறுப்பினத்தவர் மட்டுமே தொடர்ந்து வென்றுவரும் தொகுதி அது. சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான ஹெரால்டு வாஷிங்டனும் மேயராவதற்கு முன் அந்தத் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர்தான்.

ரஷ் 1960-களின் இறுதியில், கறுப்பின உரிமைகளுக்காகத் தீவிரமாகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் (பிளாக் பாந்தர்) இல்லினாய்க் கிளையை நிறுவியவர்களுள் ஒருவர். அவருடைய தோழரும் அக்கட்சியின் மாநிலத் தலைவருமான பிரெட் ஹாம்ப்டன் 1969 டிசம்பர் 4 அன்று காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் ரஷ் சிகாகோ மாநகராட்சி உறுப்பினராகி, 1992-இல் காங்கிரசுக்குத் தேர்வானார்.

ஒபாமாவுக்கு அப்போது 38 வயது. மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான மாநில செனட்டில் முதன்முதலாக இடம்பெற்று மூன்றாண்டுகள்கூட ஆகாத நிலையில், 1999 செப்டம்பரில் போட்டியை அறிவித்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அரசமைப்புச் சட்டம் கற்பித்துவந்தார். ஹைட் பார்க் என்ற பல்கலைக்கழகச் சுற்றுப்புறத்தில் அறியப்பட்டவர். அதைத் தாண்டினால் அவர் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. டோன் டிராட்டர் என்ற மற்றொரு மாநில செனட்டரும் களத்தில் இருந்தார்.

ரஷ்ஷை வீழ்த்த முடியும் என்று ஒபாமா ஏன் நம்பினார்?

1999 பிப்ரவரியில் ரஷ் சிகாகோ மேயர் ரிச்சர்டு எம். டேலியை எதிர்த்து நின்று, ஏறத்தாழ 28 சதவீத வாக்குகளோடு படுதோல்வி அடைந்திருந்தார். சொந்தப் பகுதி மக்களிடமே செல்வாக்கை இழந்துவிட்ட, களைத்துப்போன தலைவர் என்று அவரைக் கணக்கிட அந்த முடிவு இடங்கொடுத்தது.

அந்தக் கணக்கு தவறு என்பது இன்று எளிதாகத் தெரிகிறது. ஆனால் அது ஏன் தவறு என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். டேலி மேயராகத் தொடரட்டும் என்று வாக்களித்த ஒரு கறுப்பின வாக்காளருக்கு ரஷ் வாஷிங்டனில் தொடரட்டும் என்று வாக்களிப்பதில் எந்த முரண்பாடும் இல்லை. அவர் டேலியைத் தேர்ந்தெடுத்தார், ரஷ்ஷை நிராகரிக்கவில்லை. ஒரு பதவிக்கான போட்டியில் மக்கள் சொன்ன பதிலை, அவர்களிடம் கேட்கப்படாத வேறொரு கேள்விக்கான பதிலாக ஒபாமா எடுத்துக்கொண்டார்.

அவர் முதல் கருத்துக்கணிப்பை நடத்தியதே போட்டியை அறிவித்த பின்புதான். அதில் ரஷ்ஷின் பெயரை ஏறத்தாழ எல்லோரும் அறிந்திருந்தார்கள், அவருடைய பணியில் பெரும்பாலோர் நிறைவும் கொண்டிருந்தார்கள். ஒபாமாவை அறிந்தவர்களோ பத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருந்தார்கள். போட்டியிடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவியிருக்க வேண்டிய அந்தக் கருத்துக்கணிப்பு, முடிவெடுத்த பின் வந்து சேர்ந்தது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு வேட்பாளர் ஒரே ஒரு நடைமுறைப் பாடத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தால், அது இந்த வரிசைப் பிழையாக இருக்கட்டும்.

ரஷ்ஷே ஒரு காலத்தில் நடப்பு உறுப்பினரை வீழ்த்தியவர் அல்லவா?

ஆம், அந்த முன்மாதிரியும் ஒபாமாவின் கண்முன் இருந்திருக்க வேண்டும். 1992 பிரைமரியில் ரஷ் அதே தொகுதியின் உறுப்பினராக இருந்த சார்லஸ் ஹேய்ஸைத் தோற்கடித்தார். ஆனால் அந்த ஆண்டு பிரதிநிதிகள் சபையின் உள் வங்கியில் உறுப்பினர்கள் கணக்கில் பணமில்லாமல் காசோலை கொடுத்த விவகாரம் நாட்டையே உலுக்கியது. அதில் ஹேய்ஸின் பெயரும் அடிபட்டது, அதுவும் வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தபோது. 2000-இல் ரஷ்மீது அப்படி எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. 'அவர் நெடுநாள் இருந்துவிட்டார், இனி நான் வருகிறேன்' என்பதைத் தவிர, வாக்காளர் அவரை மாற்றுவதற்கு ஒபாமா கொடுத்த காரணம் தெளிவாக இல்லை. இருவரின் கொள்கைகளும் ஏறக்குறைய ஒன்றே.

ரஷ்ஷின் மகன் கொலையும் துப்பாக்கிச் சட்ட வாக்கெடுப்பும்தான் தோல்விக்குக் காரணம் என்கிறார்களே?

1999 அக்டோபரில் ரஷ்ஷின் மகன் சிகாகோவில் சுடப்பட்டு இறந்தார். தொகுதி முழுதும் ரஷ்மீது அனுதாபம் திரண்டது. துயரத்தில் இருக்கும் ஒரு தகப்பனை எதிர்த்துப் பரப்புரை செய்வது எவருக்கும் இயலாத செயல். ஒபாமா தம் பணிகளைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தார்.

அதைத் தொடர்ந்து, ஆளுநர் ஜார்ஜ் ரையன் ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதாவை நிறைவேற்றுவதற்காக டிசம்பர் இறுதியில் மாநிலச் சட்டமன்றத்தைக் கூட்டினார். ஒபாமா அப்போது தம்மை வளர்த்த பாட்டியைப் பார்க்கக் குடும்பத்துடன் ஹவாய் சென்றிருந்தார். பதினெட்டு மாதக் குழந்தையான மகளுக்கு உடல்நலம் சரியில்லாததால் அவர் வாக்கெடுப்புக்குத் திரும்பவில்லை. மசோதா தோற்றது. துப்பாக்கிக்கு மகனைப் பறிகொடுத்தவரை எதிர்த்து நிற்பவர், துப்பாக்கிச் சட்டத்துக்கு வாக்களிக்காமல் கடற்கரைத் தீவில் இருந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதியபோது, குழந்தையின் காய்ச்சலைப் பற்றி அவர் சொன்ன விளக்கம் எடுபடவில்லை.

இவை இரண்டும் அவருக்குப் பெருஞ்சேதத்தை உண்டாக்கின என்பதில் ஐயமில்லை. ஆனாலும் இவற்றையே தோல்விக்கான காரணமாகக் கொள்ள நான் தயங்குகிறேன். மேற்சொன்ன கருத்துக்கணிப்பு நிலைமையிலிருந்து தொடங்கிய ஒருவர், ஹவாய்க்குப் போகாமல் இருந்திருந்தாலும் மார்ச் மாதத்துக்குள் ரஷ்ஷை முந்தியிருக்க வழியில்லை. தோற்றவர்கள் நினைவில் வைத்திருப்பது இத்தகைய நாடகத்தன்மையுள்ள நிகழ்ச்சிகளைத்தான். 'அன்று நான் விமானம் ஏறியிருந்தால்' என்று எண்ணுவது, 'இதில் நான் இறங்கியிருக்கவே கூடாது' என்று எண்ணுவதைவிட மனத்துக்கு எளிது.

'அந்நியர்' என்ற குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் பாதித்தது?

மிகவும் பாதித்தது. வெள்ளைத் தோலுடைய ஒருவர் கறுப்பு வேடம் பூண்டதுபோலத்தான் எங்கள் சமூகம் ஒபாமாவைப் பார்க்கிறது என்ற பொருளில் டிராட்டர் வெளிப்படையாகப் பேசினார். ஹார்வர்டில் படித்துப் படித்தே முட்டாளானவர் என்று ரஷ் ஏளனம் செய்தார். ஹவாயில் பிறந்தவர், வெள்ளைத் தாய்க்கும் கென்யத் தந்தைக்கும் மகன், பல்கலைக்கழகத்தில் வேலை, வெள்ளைச் செல்வந்தர்களின் நன்கொடை என்று ஒவ்வொன்றும் அந்தச் சித்திரத்துக்கு வண்ணம் சேர்த்தது.

இதில் ஓர் அநீதி உண்டு: ஒபாமா 1980-களில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஏழைக் குடியிருப்புகளில் சமூக அமைப்பாளராக மூன்று ஆண்டுகள் பணியாற்றியவர். ஆனால் கருஞ்சிறுத்தைக் காலத்திலிருந்து அங்கேயே போராடி, அங்கேயே சிறை சென்றவரோடு ஒப்பிடும்போது அந்த மூன்று ஆண்டுகள் சிறிதாகத்தான் தெரிந்தன. அதோடு, அந்நாளைய ஒபாமாவின் மேடைப் பேச்சு வகுப்பறைச் சொற்பொழிவுபோல் இருந்ததாக அவருடைய ஆதரவாளர்களே கூறியிருக்கிறார்கள். பிற்காலத்து ஒபாமாவை மட்டும் கேட்டவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

முடிவு என்ன? யார் யாருக்கு வாக்களித்தார்கள்?

2000 மார்ச் 21 அன்று நடந்த பிரைமரியில் ரஷ் ஏறத்தாழ 61 சதவீதமும், ஒபாமா ஏறத்தாழ 30 சதவீதமும், டிராட்டர் 7 சதவீதமும் பெற்றார்கள். ஒபாமாவைத் தேர்தலில் தோற்கடித்த ஒரே அரசியல்வாதி என்ற பெயர் ரஷ்ஷுக்கு இன்றுவரை நிலைத்துவிட்டது.

மொத்த எண்ணிக்கையைவிட அதன் உட்பிரிவுதான் பேசுகிறது. தொகுதியில் சிறுபான்மையினரான வெள்ளை வாக்காளர்களிடம் ஒபாமா நன்றாக வாக்குப் பெற்றார். பெரும்பான்மையினரான கறுப்பின வாக்காளர்களிடம் கடுமையாகத் தோற்றார். அதாவது, அவரை ஏற்றுக்கொள்ளும் மக்கள் இருந்தார்கள். ஆனால் அந்தத் தொகுதியின் எல்லைக்குள் போதிய எண்ணிக்கையில் இல்லை. இதைத் தோல்வி என்று மட்டும் படித்தால் அரசியலை விட்டுவிடத் தோன்றும். வரைபடமாகப் படித்தால் வேறு முடிவுக்கு வரலாம்.

குடியரசுத் தலைவர் கிளிண்டன் ரஷ்ஷை ஆதரித்தது உண்மையா?

உண்மை. உட்கட்சிப் போட்டிகளில் தலையிடாமல் இருப்பதே குடியரசுத் தலைவர்களின் வழக்கம். ஆயினும் கிளிண்டன் ரஷ்ஷுக்காக வானொலி விளம்பரத்தில் குரல் கொடுத்தார். தாமும் இளவயதில் இதே சபைக்கு நின்று ஒரு நடப்பு உறுப்பினரிடம் தோற்றவர் என்பது அப்போது அவர் நினைவுக்கு வந்ததோ இல்லையோ!

கிளிண்டனின் 1974 தோல்வி எப்படிப்பட்டது?

அது தோற்றவருக்கு இலாபம் தந்த தோல்வி. ஆர்கன்சாவின் 3-ஆவது தொகுதியில் குடியரசுக் கட்சியின் ஜான் பால் ஹாமர்ஷ்மிட் 1967 முதல் உறுப்பினர். 1972-இல் 77 சதவீத வாக்குகளோடு வென்றவர். 28 வயதுச் சட்டப் பேராசிரியரான கிளிண்டன், கிரெம்லின் என்ற சிறிய காரில் ஓசார்க் மலைப்பகுதி ஊர்களைச் சுற்றிவந்து, வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய குடியரசுத் தலைவர் நிக்சனோடு நின்றவர் என்று ஹாமர்ஷ்மிட்டைத் தாக்கினார். ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகியதும் அந்தத் தாக்குதலின் கூர்மை குறைந்தது. முடிவில் கிளிண்டன் 48 சதவீதம் பெற்று, ஆறாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றார்.

77-இலிருந்து 52-க்கு எதிராளியை இறக்கியவரைக் கட்சி மறக்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் மாநில அட்டர்னி ஜெனரலாகவும் (அரசுத் தலைமை வழக்கறிஞர்), 1978-இல் ஆளுநராகவும் தேர்வானார். ஒபாமாவின் போட்டியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்: இருவரும் வலுவான நடப்பு உறுப்பினரையே எதிர்த்தார்கள், ஆனால் கிளிண்டன் எதிர்க்கட்சிக்காரரை எதிர்த்தார், அவரை மாற்றுவதற்கான காரணத்தை நாடே கொடுத்திருந்தது. சொந்தக் கட்சிக்காரரையே எதிர்த்துத் தோற்பவருக்குக் கட்சியில் அத்தகைய நன்றிக்கடன் கிடைக்காது.

ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஏன் தோற்றார்? அவருக்கு நடப்பு உறுப்பினர் எதிரி இல்லையே?

இல்லை. டெக்சாஸின் 19-ஆவது தொகுதியை 1935 முதல் வைத்திருந்த ஜார்ஜ் மேஹன் ஓய்வு பெற்றதால் இடம் காலியாக இருந்தது. காலி இடம் பார்த்து நின்றால் போதும் என்று எண்ணுகிறவர்களுக்குப் புஷ்ஷின் தோல்வி நல்ல மறுப்பு.

ஜனநாயகக் கட்சியின் கென்ட் ஹேன்ஸ் அந்த மண்ணில் பிறந்து, உள்ளூர் டிம்மிட் பள்ளியிலும் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்திலும் படித்து, மாநில செனட்டராக இருந்தவர். புஷ் கனெக்டிகட்டில் பிறந்தவர். மிட்லண்ட் நகரில் வளர்ந்தவர் என்றாலும் படித்தது மேட்டுக்குடியினரின் கல்விக்கூடங்களான ஆண்டோவர், யேல், ஹார்வர்டு. 1961-இல் ஹேன்ஸ் டிம்மிட் பள்ளியில் படிப்பை முடித்தபோது அவருடைய எதிரி மாசசூசெட்ஸில் ஆண்டோவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார் என்ற பொருள்பட ஹேன்ஸ் தரப்பு வானொலியில் விளம்பரம் செய்தது. குற்றச்சாட்டு என்று எதுவும் அதில் இல்லை. இரண்டு பள்ளிகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. பருத்தி விவசாயிகளும் எண்ணெய்த் தொழிலாளர்களும் வாழும் ஊர்களில் அதுவே போதுமானதாக இருந்தது. பின்னாளில் தாமும் குடியரசுத் தலைவரான தந்தை ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ்ஷின் நண்பர்கள் வெளிமாநிலங்களிலிருந்து அனுப்பிய நன்கொடையும் அந்தக் கதைக்கே சான்றாகப் போய்ச் சேர்ந்தது.

தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன், லப்பக் நகரில் புஷ் ஆதரவாளர்கள் மாணவர்களுக்கு இலவச பீர் தருவதாக விளம்பரம் செய்ததைச் சுட்டிக்காட்டி, மதுவை வெறுக்கும் சர்ச் ஆப் கிரைஸ்ட் திருச்சபையைச் சேர்ந்த சில ஆயிரம் பேருக்கு ஹேன்ஸ் தரப்பிலிருந்து கடிதம் போனது. மாணவர்கள் மது அருந்தும் கடை ஒன்றுக்கு ஹேன்ஸின் சொந்த இடமே குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்ற செய்தி புஷ்ஷின் கையில் இருந்தும் அவர் அதைப் பயன்படுத்தவில்லை. ஏறத்தாழ 53-க்கு 47 என்ற கணக்கில் தோற்றார்.

அப்படியானால் தாக்குதலுக்கு உடனே பதிலடி கொடுக்க வேண்டும் என்பதுதான் பாடமா?

புஷ் தரப்பில் பலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். இனி எவரும் தம்மை 'மண்ணின் மைந்தன் அல்ல' என்று சொல்ல விடுவதில்லை என்று அவரே தீர்மானித்ததாகவும் பின்னாளில் பேசப்பட்டது. ஆனால் அந்தக் கடிதமும் பீரும் இல்லாவிட்டாலும் ஹேன்ஸ் வென்றிருப்பார் என்பதே என் எண்ணம். அந்நாளில் மேற்கு டெக்சாஸ் கிராமங்கள் ஜனநாயகக் கட்சியைப் பழக்கத்தாலேயே ஆதரித்தன. ஹேன்ஸும் பின்னர், 1980-களின் நடுவில், குடியரசுக் கட்சிக்கே மாறிவிட்டார் என்பதிலிருந்து, அவர் வென்றது கட்சிக் கொள்கையால் அல்ல என்பது தெரியும்.

புஷ் உண்மையில் மாற்றிக்கொண்டது, தம்மைப் பற்றிய கதையை எதிராளி சொல்லத் தொடங்கும் முன் தாமே சொல்லிவிடுவதை. 1994-இல் ஆன் ரிச்சர்ட்ஸை எதிர்த்து ஆளுநர் தேர்தலில் நின்றபோது அவர் 'புஷ் மகன்' என்பதோடு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர்களுள் ஒருவராகவும் அறியப்பட்டிருந்தார். கல்வி, சமூகநல உதவிச் சீர்திருத்தம், இழப்பீட்டு வழக்குகள், சிறார் குற்றம் என்ற நான்கு தலைப்புகளை விட்டு விலகாமல் பேசினார். இடையில் கடந்திருந்தவை பதினாறு ஆண்டுகள்.

தோற்ற வேட்பாளரின் பணக் கணக்கு என்னவாகும்?

நம் ஊர் வைப்புத்தொகை போன்ற ஏற்பாடு அங்கே பொதுவாக இல்லை. ஆனால் தோல்வியோடு பரப்புரைக் குழுவின் கணக்கு மூடப்படுவதில்லை. அச்சகத்துக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் தர வேண்டிய பாக்கி தீரும்வரை, கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்துக்குக் கணக்கறிக்கை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கடனை அடைப்பதற்காகப் பெறும் நன்கொடையும் முடிந்துபோன அதே தேர்தலின் உச்சவரம்புக்குள் அடங்கும்; 2000-இல் ஒரு தனிநபர் ஒரு தேர்தலுக்கு 1,000 டாலர் மட்டுமே கொடுக்கலாம். முன்பே 1,000 டாலர் கொடுத்துவிட்ட நண்பரிடம் மறுபடியும் கையேந்த முடியாது. தோற்றவருக்குப் புதிதாகக் கொடுக்க முன்வருவோர் எத்தனை பேர் என்பதைச் சொல்லவும் வேண்டியதில்லை.

சொந்தப் பணம் போட்டவர்களின் நிலை இன்னும் கடினம். ஒபாமா அந்த ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த கட்சி மாநாட்டுக்குச் சென்றபோது, விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்க நீட்டிய கடன் அட்டை நிராகரிக்கப்பட்டது. மாநாட்டு அரங்கின் உள்ளே செல்ல அனுமதிச் சீட்டும் கிடைக்காமல், பாதியிலேயே ஊர் திரும்பினார். இதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். குடும்ப வரவுசெலவு ஆட்டங்கண்டதில் மிஷெல் ஒபாமாவுக்கு இருந்த மனக்கசப்பும் மறைக்கப்பட்டதல்ல. தேர்தலில் இறங்குகிறவர், தோற்றால் குடும்பம் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்ற கணக்கை முதலிலேயே வீட்டாரோடு உட்கார்ந்து போட வேண்டும் என்பதை எந்தத் தேர்தல் ஆலோசகரும் சொல்வதாகத் தெரியவில்லை.

நான்கே ஆண்டுகளில் ஒபாமா காங்கிரசின் மேலவையான அமெரிக்க செனட்டின் உறுப்பினர் ஆனார். எதை மாற்றிக்கொண்டார்?

பேச்சை மாற்றிக்கொண்டார், தேவாலயங்களில் பேசிப் பழகினார், மாநிலச் சட்டமன்றத்தில் சட்டங்களை நிறைவேற்றிக் காட்டினார். இவையெல்லாம் உண்மை. ஆனால் பெரிய மாற்றம் களத்தில் நிகழ்ந்தது. 2001-இல் இல்லினாய் சட்டமன்றத் தொகுதிகளை மறுவரையறை செய்யும் உரிமை, இரு கட்சிகளும் சமபலத்தில் இருந்ததால், குலுக்கல் முறையில் ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது. ஒபாமாவின் மாநில செனட் தொகுதி ஏரிக்கரையோரமாக வடக்கே நீண்டு, நகர மையத்தையும் கோல்டு கோஸ்ட் என்ற செல்வந்தர் பகுதியையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. 2000-இல் அவரை ஏற்றுக்கொண்ட வகை வாக்காளர்களும், நன்கொடை தரக்கூடியவர்களும் அங்கே நிறைய இருந்தார்கள்.

அடுத்து அவர் தேர்ந்தெடுத்தது மாநிலம் தழுவிய அமெரிக்க செனட் போட்டி. கறுப்பின வாக்குகளையும் நகர்ப்புற, புறநகர் வெள்ளையர் வாக்குகளையும் சேர்த்தால் வெல்லக்கூடிய களம் அது. 2004 மார்ச் 16 அன்று ஏழு பேர் போட்டியிட்ட பிரைமரியில் ஏறத்தாழ 53 சதவீதம் பெற்றார். வேறொருவரை ரஷ் ஆதரித்தபோதும், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒபாமாவைக் கைவிட்ட தெற்குச் சிகாகோ வார்டுகள் இம்முறை அவருக்கே வாக்களித்தன.

அதிர்ஷ்டத்தையும் சொல்லியாக வேண்டும். பிரைமரியில் முன்னணியில் இருந்த கோடீசுவரர் பிளேர் ஹல்லும், பொதுத்தேர்தலில் குடியரசுக் கட்சி நிறுத்திய ஜேக் ரையனும் தங்கள் மணமுறிவு ஆவணங்கள் வெளியானதால் சரிந்தார்கள். கடைசி நேரத்தில் வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஆலன் கீஸை ஒபாமா 70-க்கு 27 என்ற கணக்கில் வென்றார்.

தோற்றவர்கள் எல்லோரும் பின்னர் வென்றுவிடுவதில்லையே?

இந்த எதிர்ப்பு மிகவும் நியாயமானது. இந்த மூன்று தோல்விகளை நாம் பேசுவதே தோற்றவர்கள் பிறகு வெள்ளை மாளிகைக்குப் போனதால்தான். ஒவ்வொரு தேர்தலிலும் நூற்றுக்கணக்கானோர் தோற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் மறுபடி வாக்குச்சீட்டில் ஏறுவதே இல்லை.

ஒபாமாவின் வாழ்க்கையிலேயே அப்படி ஒருவர் இருக்கிறார். அவருக்கு முன் அதே மாநில செனட் இடத்தை வைத்திருந்த ஆலிஸ் பால்மர், 1995-இல் காங்கிரஸ் இடைத்தேர்தலின் பிரைமரியில் நின்று ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியரிடம் தோற்றார். போட்டியிடும்போதே தம் மாநில செனட் இடத்துக்கு ஒபாமாவை ஆதரித்திருந்தவர், தோற்றபின் அந்த இடத்தைத் திரும்பப் பெற விரும்பினார். ஒபாமா விலக மறுத்தார், அவசரமாகத் திரட்டப்பட்ட பால்மரின் முன்மொழிவுக் கையெழுத்துகளில் பல செல்லாதவை என்று அவருடைய குழு ஆட்சேபித்தது, பால்மர் விலகிக்கொண்டார். ஒபாமா உள்ளே நுழைந்த கதவே இன்னொருவரின் காங்கிரஸ் தோல்வியால் திறந்தது என்பது மட்டுமல்ல, கைவசமுள்ள பதவியை விட்டுக்கொடுத்துவிட்டு மேலே தாவுவதன் விலையையும் இது காட்டுகிறது. 2000-இல் ஒபாமா அந்தப் பிழையைச் செய்யவில்லை: அவருடைய மாநில செனட் பதவிக்காலம் முடியாமல் இருந்ததால், தோற்ற பிறகும் உட்கார ஒரு நாற்காலி இருந்தது.

தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த எவருக்காவது இத்தகைய அனுபவம் உண்டா?

உண்டு. டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்கா சென்று இல்லினாயின் பியோரியாவில் வளர்ந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி, ஒபாமாவின் 2000, 2004 போட்டிகளில் பணியாற்றியவர். 2010-இல் மாநிலக் கணக்காயர் பதவிக்கான பிரைமரியில் நூலிழையில் தோற்றார். 2012-இல் இல்லினாய் 8-ஆவது தொகுதி பிரைமரியில் டாமி டக்வொர்த்திடம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாக்கு பெற்றுத் தோற்றார்.

டக்வொர்த்தும் தோற்றுப் பழகியவரே. ஈராக்கில் ஹெலிகாப்டர் தாக்கப்பட்டு இரு கால்களையும் இழந்த அந்த இராணுவ விமானி, 2006-இல் பக்கத்துத் தொகுதியான 6-ஆவதில், நாடெங்கும் தம் கட்சிக்குச் சாதகமாக அலையடித்த ஆண்டில், பீட்டர் ரோஸ்கமிடம் ஐயாயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். அவர் வீடு அந்தத் தொகுதிக்குச் சற்று வெளியே இருந்தது பேசுபொருளானது. பிறகு முன்னாள் படைவீரர் நலத்துறைகளில், முதலில் மாநிலத்திலும் அடுத்து மத்தியிலும், பொறுப்பு வகித்துவிட்டு, புதிதாக வரையப்பட்ட தொகுதியில் வந்து வென்றார். அவர் செனட்டுக்குப் போட்டியிட்டு இடத்தைக் காலி செய்த 2016-இல், அதே 8-ஆவது தொகுதியில் கிருஷ்ணமூர்த்தி வென்று காங்கிரசுக்குள் நுழைந்தார்.

அப்படியானால் இடம் காலியாகும்வரை காத்திருப்பதே நல்லதா?

பெரும்பாலும் ஆம், ஆனால் காத்திருப்பதற்கும் விலை உண்டு. 2000-இல் ரஷ்ஷின் ஓய்வுக்காகக் காத்திருக்க ஒபாமா முடிவெடுத்திருந்தால், இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்திருக்க வேண்டும். ரஷ் 2023 ஜனவரியில்தான் சபையை விட்டு விலகினார். இடம் காலியாகும் செய்தி வந்ததும் 2022 பிரைமரியில் ஜனநாயகக் கட்சியிலிருந்து மட்டும் பதினைந்துக்கும் மேற்பட்டோர் களமிறங்கினார்கள். அந்தக் கூட்டத்தில், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வாக்குகளோடு வென்றவர் ஜொனாதன் ஜாக்சன். முன்பு பால்மரைத் தோற்கடித்த ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியரின் தம்பி.